வாயில் நிற்கிற தோட்டா

ரிவால்வருக்கென்றே பிறந்த தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். காபி ஃபில்டரின் மேல்பாதி கீழ்ப்பாதிக்குள் முழுசாக விழுந்துவிடாமல் ஒரு விளிம்பில் நிற்கிறதல்லவா, அதே வேலைதான். உருளையில் ஆறு அறைகள். பின்பக்கமாகத் தோட்டாவைப் போட்டால் விளிம்பு தடுக்கும், தடுத்த இடத்தில் தோட்டா நிற்கும். பின்னாலிருந்து ஊசி வந்து அடிக்கும்போது முன்னே நழுவிப் போகாது. கூடு அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும் ஒன்றும் ஆகாது, வெடிக்கும். யாரும் அளக்க வேண்டியதில்லை.

கார்பைன் தோட்டாவுக்கு அந்த விளிம்பு கிடையாது. அது தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்காகச் செய்யப்பட்டது. பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது விளிம்பு இருந்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். அதனால் அடிப்பாகத்தை உடம்போடு ஒட்டிச் செதுக்கி, இழுத்து எடுக்க ஒரு பள்ளம் மட்டும் விட்டார்கள். அப்படியென்றால் அறைக்குள் அது எங்கே போய் நிற்கும்? வாயில். குண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் பித்தளைக் கூட்டின் முன்விளிம்பு இருக்கிறதே, அதுதான் வாய். அறையின் முன்பக்கம் ஒரு மெல்லிய படி வெட்டியிருப்பார்கள். வாய் அந்தப் படியில் முட்டி நிற்கும். கூட்டின் சுவர் அந்த இடத்தில் அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. ஊசியின் அடி முழுவதையும் தாங்கி நிற்பது அந்த அரை மில்லிமீட்டர்தான்.

இந்தத் தோட்டாவை ரிவால்வரில் போட்டுச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடையில் வாங்காமல், சுட்ட கூட்டை எடுத்துத் துடைத்து, அளந்து, திரும்பத் தாங்களே நிரப்பியும் சுடுகிறார்கள். ஆஸ்டினுக்கு வெளியே நான் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர். லேத் பட்டறைகளில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். அவருடைய கராஜில் சனிக்கிழமை மதியங்களில் பல மணி நேரம் நான் கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். கை ஏன் பாக்கெட்டில் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் தோட்டாவின் ஜாதகம். 1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு இலேசான துப்பாக்கி கேட்டது. முன்வரிசைக் காலாட்படைக்கு அல்ல. லாரி ஓட்டுபவர், ரேடியோ சுமப்பவர், மோர்ட்டார் குழுவில் இருப்பவர், அதுவரை இடுப்பில் பிஸ்டல் கட்டிக்கொண்டு அதை வைத்து எதையும் சுட முடியாமல் இருந்தவர்களுக்கு. வின்செஸ்டர் கம்பெனி தன்னுடைய பழைய தோட்டா ஒன்றின் பாதி விளிம்பையும் செதுக்கி எடுத்துப் புதிதாக ஒன்றைக் கொடுத்தது. குண்டின் எடை ஏழு கிராம் சொச்சம். 45 செண்டிமீட்டர் குழலிலிருந்து நொடிக்கு 600 மீட்டர் வேகத்தில் போகும். துப்பாக்கியின் எடை இரண்டரைக் கிலோவுக்குள். எம்1 கார்பைன் என்று பெயர். போர் முடிவதற்குள் 60 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். கொரியப் போரின் குளிரில் இதை நம்ப முடியவில்லை என்று சிப்பாய்கள் புலம்பியது தனிக்கதை.

செய்தவர்கள் பட்டியல் எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. ஆயுதக் கம்பெனி என்று சொல்ல அதில் வின்செஸ்டரைத் தவிர அநேகமாக யாருமில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் இன்லேண்ட் பிரிவு. அண்டர்வுட், டைப்ரைட்டர் செய்தவர்கள். ராக்-ஓலா, காசு போட்டால் பாட்டுப் பாடும் ஜூக்பாக்ஸ் செய்தவர்கள். அப்புறம் ஐ.பி.எம். நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சியில் 1943, 44-ல் மூன்றே கால் லட்சத்துக்கும் மேல் கார்பைன்களைச் செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் இருந்தது அதில் ஒன்று. இரும்பில் ஐ.பி.எம். கார்ப் என்று வெட்டியிருந்ததை டார்ச் அடித்துக் காட்டினார். கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் பார்த்த பெயரை அங்கே படிப்பது என்னவோ போலிருந்தது.

வீடியோ காலில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா இளம்பிள்ளையில் விசைத்தறி ஃபிட்டர். "அட்டை குத்துற கம்பெனிக்காரனா துப்பாக்கி செஞ்சான்?" என்றார். அவருக்கு ஐ.பி.எம். என்றால் அட்டைதான். நான் காலேஜில் சேர்ந்த புதிதில், ஜக்கார்டு அட்டையில் ஓட்டை குத்துவதிலிருந்துதான் கம்ப்யூட்டர் வந்தது என்று அவரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். பிரான்சில் ஜக்கார்டின் தறி 1804-ல். ஹோலரித் ஓட்டை போட்ட அட்டைகளால் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எண்ணியது 1890-ல். அவருடைய கம்பெனி பின்னால் ஐ.பி.எம். ஆனது. ஆனால் ஹோலரித் தனக்கு யோசனை வந்த இடமாகச் சொன்னது தறியை அல்ல, ரயிலில் டிக்கெட்டில் ஓட்டை போட்டுப் பயணியின் அடையாளத்தைக் குறித்த கண்டக்டரை. அதை நான் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தறியிலிருந்து வந்தது என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

போருக்குப் பிறகு கார்பைன்களும் மலைமலையாய்த் தோட்டாக்களும் மக்கள் கைக்கு வந்தன. 1960-களின் பின்பாதியில் ரூகர் கம்பெனி தன்னுடைய பிளாக்ஹாக் ரிவால்வரை இந்தத் தோட்டாவுக்கும் ஏற்றபடி செய்து விற்றது. பிளாக்ஹாக் சிங்கிள் ஆக்‌ஷன். கவ்பாய் படத்தில் பார்ப்போமே, ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹாமரைப் பின்னால் இழுத்துவிட்டுச் சுடுவது, அந்த வகை. உருளை பக்கவாட்டில் வெளியே வராது. ஒரு சின்னக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும், சுட்ட பிறகு ஒரு கம்பியால் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். 1873-ன் கோல்ட் ரிவால்வரிலிருந்து மாறாத ஏற்பாடு.

இந்தப் பழமைதான் விளிம்பில்லாத தோட்டாவுக்கு இடம் கொடுத்தது. உருளை வெளியே சாயும் நவீன ரிவால்வரில் ஒரு நட்சத்திரத் தகடு ஆறு விளிம்புகளையும் பிடித்து ஒரே தள்ளலில் வெளியேற்றும். விளிம்பு இல்லையென்றால் தகடு எதைப் பிடிக்கும்? முதல் உலகப்போரில் 1917-ல் பிஸ்டல் தட்டுப்பாடு வந்தபோது, விளிம்பில்லாத பிஸ்டல் தோட்டாவை ரிவால்வரில் போட வேண்டி வந்தது. மூன்று தோட்டாவை அரைநிலா வடிவத் தகட்டில் மாட்டி, அந்தத் தகட்டையே விளிம்பாக்கினார்கள். சாஃப்ட்வேர்க்காரர்களுக்குப் பழக்கமான வேலை: பொருந்தாத இரண்டுக்கும் நடுவில் ஒரு அடாப்டர். பிளாக்ஹாக்குக்கு அடாப்டர் வேண்டாம். கம்பி உள்ளே நுழைந்து தள்ளும், விளிம்பு இருக்கிறதா என்று அது கேட்பதில்லை.

வெளியே எடுப்பது சுலபம். உள்ளே நிற்க வைப்பதுதான் வேலை.

சுடும்போது பித்தளை விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். திரும்ப நிரப்ப வேண்டுமென்றால் அதை ஒரு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கார்பைன் கூடு நேர்க்குழாய் அல்ல, அடியிலிருந்து வாய்வரை கொஞ்சம் குறுகிக்கொண்டே போகும். அதனால் நெம்புகோலை இழுக்க நல்ல பலம் வேண்டும். அழுத்தும்போது பித்தளை முன்பக்கமாக ஓடும். கூடு நீளும். அதிகபட்ச நீளம் 1.290 அங்குலம், மில்லிமீட்டரில் 32.77. அதைத் தாண்டினால் பின்பக்கம் துருத்தி உருளை சுற்றாமல் இறுகும். வெட்டும்போது கை அதிகமாகப் போய்க் குட்டையானாலோ, படி வரைக்கும் போக இன்னும் இடம் இருக்கும். ஊசி அடிக்கிற அடியில் தோட்டா முன்னே நழுவி வெடிக்காமல் போகும். ஆகவே ஒவ்வொரு கூட்டையும் அளக்க வேண்டும். நூறு கூடு என்றால் நூறையும். ஆயிரத்தில் ஒரு அங்குலத்தைப் பட்டறைகளில் 'தௌ' என்பார்கள், சேலத்திலும் டெக்சஸிலும் அதே சொல். கிழவர் காலிப்பரை வைத்துப் படிப்பார், நான் லேப்டாப்பில் ஏற்றுவேன். எந்தத் தொகுதி, எத்தனையாவது சுடுதல், எத்தனை தௌ. வரைபடம் போடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். ஐந்தாவது, ஆறாவது சுடுதலில் வாய் விரிசல் விடும் கூடுகளைச் சிவப்புப் புள்ளியாக அது காட்டியதில் அவருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி.

இதில் எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. மருந்து போட்டுக் குண்டை வைத்த பிறகு கூட்டின் வாயைக் குண்டின்மேல் கொஞ்சம் இறுக்க வேண்டும். கிரிம்ப் என்கிறார்கள். ரிவால்வருக்கு நல்ல இறுக்கம் தேவை. ஏனென்றால் முதல் தோட்டா வெடித்து ரிவால்வர் பின்னால் உதைக்கும்போது, மற்ற அறைகளில் இருக்கும் தோட்டாக்களின் கூடுகளும் ரிவால்வரோடு பின்னால் போகும், குண்டுகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். பஸ் சடாரென்று கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவருக்கு ஆவதுபோல. இரண்டு மூன்று சுடுதலில் ஒரு குண்டு கூட்டிலிருந்து வெளியே நீண்டு உருளையை நிறுத்திவிடும். அதைத் தடுக்க வாயை உள்பக்கமாகச் சுருட்டி மடக்குவதுதான் வழக்கம். ஆனால் கார்பைன் தோட்டா நிற்பதே அந்த வாயில். மடக்கிவிட்டால் முட்டி நிற்க விளிம்பே இல்லை, தோட்டா படியைத் தாண்டி உள்ளே போய்விடும்.

ஒரே விளிம்பு. இறுகப் பிடி என்கிறது ஒரு தேவை, நிமிர்ந்து நில் என்கிறது இன்னொன்று. தீர்வு என்று ஒன்று இல்லை, சமரசம்தான். மடக்காமல் சரிவாக மட்டும் அழுத்துவது, மிச்சப் பிடியைக் கூட்டின் உட்சுவர் இறுக்கத்தில் தேடிக்கொள்வது. அப்பாவிடம் இதை விளக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "நாடாப் பொட்டி கண்ணு" என்றார். "பொட்டி லூசா இருந்தா நாடா வந்து முட்டித் திரும்பி வந்துரும். டைட்டா இருந்தா அடுத்த அடிக்குக் கெளம்பாது. நடுவுல ஒரு எடம் இருக்குது, அதை மாசம் ஒருக்கா தேடோணும். தேடாம உட்டா பறக்கும்." நாடா பறப்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். உலோக முனை வைத்த மரத்துண்டு தறியைவிட்டு வெளியே பாய்ந்தால் எதிரில் இருப்பவரின் கண்ணைக் கேட்கும்.

எண்ணெய் விவகாரமும் அப்படித்தான். குறுகலான கூட்டை அச்சில் அழுத்த மசகு தடவியே ஆக வேண்டும், இல்லையென்றால் மாட்டிக்கொள்ளும். அதே மசகைச் சுடுவதற்குமுன் சுத்தமாகத் துடைத்தும் ஆக வேண்டும். துடைக்காவிட்டால் வெடிக்கும்போது கூடு அறைச்சுவரைப் பிடிக்காமல் வழுக்கிப் பின்னால் வந்து இடித்து உருளையைச் சிக்க வைக்கும். கிழவர் பழைய டவல் ஒன்றில் கூடுகளைப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்துக் குலுக்குவார். அம்மா உளுந்தைத் துணியில் போட்டுத் தேய்ப்பது மாதிரி.

இத்தனையும் செய்து அவர் சுடுவது சாயங்காலத்தில் மண்மேட்டுக்கு முன்னால் வைத்த இரும்புத் தகடுகளை. ரிவால்வரின் குழல் ஏழரை அங்குலம்தான், கார்பைனின் வேகத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடும். நீளமான குழலுக்கென்று நினைத்துச் செய்த மருந்து குழலுக்கு வெளியே வந்து எரியும். ஒரு தீப்பந்து, ஒரு சத்தம். காதில் இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டுக்கொண்டும் பல்லில் உணர்ந்தேன். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "இதுல பிழைப்பு இல்ல. கணக்குதான்" என்கிற அர்த்தத்தில் என்னவோ சொன்னார். அவருடைய அப்பா கொரியாவில் கார்பைன் சுமந்தவர். அதைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான், நானும் தோண்டவில்லை. மனிதனைச் சுட என்று வரைந்த ஒரு பொருளின் அளவுகளில் நாங்கள் இருவரும் மணிக்கணக்கில் லயித்திருந்தோம் என்பது இரவில் படுக்கும்போது தோன்றும். பகலில் தோன்றியதில்லை. அளவுக்கு அப்படி ஒரு மயக்கம் இருக்கிறது.

இப்போது கை. நான் வேலை விசாவில் இருந்தேன். அமெரிக்க மத்தியச் சட்டப்படி அப்படி இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, என்னிடம் எதுவும் இல்லை. 'தோட்டா' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தைப் படித்துப் பார்த்தேன். காலிக் கூடு, பிரைமர், குண்டு, மருந்து, தனித்தனியாக இருந்தாலும் தோட்டாதான். சுட்டு முடித்து வாய் பிளந்த, இனி எதற்கும் ஆகாத பித்தளைத் துண்டும் தோட்டா. எனவே லேப்டாப் மட்டும் என்னுடையது. மேஜையில் இருந்த எதையும் நான் தொட்டதில்லை.

நம்மூர்ச் சட்டம் இந்த விளக்கத்தில் அமெரிக்காவைவிட ஒரு படி மேலே போகிறது. 1959-ன் ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் இயந்திரங்களும் தோட்டா என்ற சொல்லுக்குள் அடக்கம். கராஜில் இருந்த அந்த நெம்புகோல் அச்சும் இங்கே தோட்டாதான். உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ செய்தால், பழுது பார்த்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கடுமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டெக்சஸில் நான்கு வருஷம் இருந்துவிட்டு, பள்ளிக்கூடங்களில் நடந்ததையெல்லாம் செய்தியில் பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சட்டம் யார் வீட்டுக் கதவை எப்படித் தட்டுகிறது என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கஞ்சமலை. காந்தக்கல் இரும்பு நிறைந்த மலை. சேலத்து இரும்பை நம்பித்தான் ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1830-ல் பரங்கிப்பேட்டையில் உலை போட்டார். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்து இந்தப் பக்கத்தில் சின்னச் சின்ன உலைகளில் இரும்பு உருக்கியிருக்கிறார்கள். வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கல்வராயன் மலை. மலைக்கிராமங்களில் நாட்டுத்துப்பாக்கி ரொம்ப நாளாக இருக்கிறது. ஒற்றைக் குழல். மருந்தையும் ரவையையும் குழலின் வாய் வழியாகப் போட்டு கம்பியால் இடித்து நிரப்புவது. அதில் தோட்டா என்று ஒரு பொருளே கிடையாது. ஒவ்வொரு முறையும் துப்பாக்கியே தோட்டா. காட்டுப்பன்றி மரவள்ளிக் காட்டை ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகிற ஊர்களில் அது மண்வெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற சாமான். அவ்வப்போது போலீஸ் மலையேறிப் போய் ஒலிபெருக்கியில் சொல்வார்கள்: தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை. சில ஊர்களில் ராத்திரியோடு ராத்திரியாகப் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள், காலையில் வரிசையாகப் படுக்க வைத்துப் படம் எடுத்துப் பேப்பரில் போடுவார்கள்.

அப்பா வேலை பார்க்கும் தறிக்கூடத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார். மலையிலிருந்து இறங்கி வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. பாவில் இழை அறுந்தால் அவர் போடுகிற முடிச்சு துணியில் தெரியாது. எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்தபோது மற்றவர்கள் பயந்தார்கள், இவர் இரண்டே நாளில் பழகிக்கொண்டார். மலையில் அவருடைய பூர்வீக வீட்டின் பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒலிபெருக்கி சொன்ன வாரம் அவர் இங்கே கல்யாண சீசன் சேலைகளுக்காக இரவுபகலாகத் தறியில் நின்றுகொண்டிருந்தார். கெடு முடிந்து வந்தவர்கள் பரணைப் பார்த்தார்கள். துப்பாக்கி துருப்பிடித்திருந்தது, பக்கத்தில் ஒரு டப்பாவில் கொஞ்சம் மருந்து. டப்பாவில் இருந்த மருந்து காய்ந்து கட்டியாகியிருந்தது என்று அவர் சொல்கிறார். அது எந்த நிலையில் இருந்தாலும் பிரிவு ஒன்றுதான். பத்தொன்பது நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார்.

போன லீவில் ஊருக்குப் போனபோது அவரிடம் கராஜ் படங்களைக் காட்டினேன். காட்டலாமா என்று யோசித்துவிட்டுத்தான் காட்டினேன். அச்சு, தராசு, வரிசையாக நிற்க வைத்த நூறு பித்தளைக் கூடுகள், என்னுடைய வரைபடம். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். வாயைச் சரிவாக அழுத்தியிருக்கும் படத்தில் நிறுத்தி, "இதுக்கு மேல இறுக்குனா நிக்காதுங்களா தம்பி?" என்றார். நான் இரண்டு பத்தியில் எழுதியதை அவர் படத்திலேயே பார்த்துவிட்டார். நிக்காதுங்கண்ணா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஊர்ல இதுக்கு லைசென்ஸ் எங்க வாங்கோணும்?" என்று கேட்டார். அவருடைய சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள லைசென்ஸ் வேண்டியதில்லை என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நின்றுபோயிருந்த மூணாம் நம்பர் தறிக்குப் போனார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது, பஸ் செலவு போகிறது, வக்கீலுக்குப் போகிறது. அடுத்த வாய்தா தை மாதம் வருகிறது. அன்றைக்கு இரண்டு தறி ஓடாது என்று சேலைக்கு ஆர்டர் கொடுத்திருக்கும் கடைக்காரரிடம் அப்பா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.